சொல்லெல்லையும் மாநில எல்லையும்: சித்தூர்ப் பகுதியில் தொழிற்சொல் ஆய்வின் வரலாறு

1. முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் குறிக்கிறது. அவ்வேங்கடத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் அடங்கியுள்ளது. இப்பகுதியின் மொழிநிலை பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுந்த எழுத்துகளுள் பல எல்லைச் சிக்கலைப் பற்றியவை. எந்த ஊர் எம்மொழிக்கு உரியது என்பதே அவற்றின் மைய வினா. அவ்வூர்களில் வாழும் உழவரும் நெசவாளரும் தம் கருவிகளையும் வினைகளையும் எச்சொற்களால் குறிக்கின்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது.

அவ்வினாவை முறையாக எழுப்பிய முயற்சிகளுள் தலைமையானது, பேராசிரியர் பத்திரிராஜு கிருஷ்ணமூர்த்தி வழிநடத்தித் தொகுத்த ‘மாண்டலிக விருத்தி பதகோசம்’ என்னும் தெலுங்குத் தொழிற்சொல் அகராதியாகும். வேளாண் சொற்களுக்கான அதன் முதல் தொகுதி 1962-இல் வெளிவந்தது. ஆய்வு நிறுவனமும் ஊர்மக்களும் கூடிச் செய்த மொழியாய்வு என்ற வகையில் அதன் தோற்றம், முறை, பயன், வரம்பு ஆகியவற்றைச் சித்தூர்ப் பகுதியை நடுவாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஒரு மொழியின் பெயரால் நிகழும் களப்பணி, இருமொழி வழங்கும் நிலத்தில் எதைக் காண்கிறது, எதைக் காணாது விடுகிறது என்பதே இங்கு எழும் சிக்கலாகும்.

2. நிலமும் எல்லையும்

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவாக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை ஒன்றிணைத்து அது அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது இம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. தமிழர் தரப்பில் ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், எச். வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். ஊரை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சியை நோக்குதல், பேசுவோர் பெரும்பான்மையைக் கணக்கிடுதல் ஆகியவை அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படித் திருத்தணி வட்டமும் வேறு சில ஊர்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. மிக அண்மையில், 2022-இல், திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

ஆட்சியியல் நோக்கில் ஊரை அலகாகக் கொள்வது பொருத்தமே. மொழியியல் நோக்கில் அது போதாது. ஓர் ஊரில் நூற்றுக்கு அறுபதின்மர் தெலுங்கு பேசினால் அவ்வூர் தெலுங்கு ஊர் எனக் கணக்கில் ஏறும். எஞ்சிய நாற்பதின்மரின் மொழி கணக்கினின்று மறையும். அந்த அறுபதின்மருள் பலர் களத்திலும் சந்தையிலும் தமிழும் பேசுவர் என்னும் உண்மையும் உடன் மறையும். வேலைக்கு ஒரு மொழி, வீட்டிற்கு ஒரு மொழி எனப் பேச்சு பகிர்ந்து வழங்கும் நிலத்தில், எண்ணிக்கையால் வரைந்த கோடு பேச்சுவழக்கின் கோடாக அமைவதில்லை.

3. கல்வெட்டு ஆய்வு வகுத்த முன்வழி

இப்பகுதியில் மொழிச்சான்று திரட்டும் பணி கல்வெட்டிலிருந்தே தொடங்கியது எனலாம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி படியெடுத்து ஆராய்ந்தார். 1930களில் அவை தேவஸ்தானத்தின் கல்வெட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகள் சிறுபான்மை. 1939-இல் தேவஸ்தானம் நிறுவிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும், 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும் திருப்பதியை ஓர் ஆய்வு மையமாக்கின.

அக்கல்வெட்டுகள் சமயச் செய்தி மட்டும் கூறுவன அல்ல. விசயநகரக் காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொற்காசுகள், கோயிலுக்குரிய ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் செலவிடப்பட்டன. அதனால் மிகுந்த விளைச்சலின் பங்கு அக்கொடையாளர் பெயரால் படையலுக்கு உரியதாயிற்று. இம்முறையைப் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை விரிவாக விளக்கிற்று. ஆகவே வேளாண்மை, நீர்ப்பாசனம் பற்றிய சொற்களின் எழுத்துச் சான்று இந்நிலத்தில் தமிழ் வழியாகப் பல நூற்றாண்டுகள் கிடைக்கிறது. அதே ஏரிகளின் கீழ் இன்று உழுவோரின் பேச்சுச் சான்று பெரும்பாலும் தெலுங்கில் கிடைக்கிறது. இவ்விரு சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவதற்கு வேண்டிய கருவி, மக்கள் வாய்மொழியிலிருந்து திரட்டப்பட்ட தொழிற்சொல் தொகுப்பேயாகும்.

4. மாண்டலிக விருத்தி பதகோசம்

இந்தியாவில் இவ்வகைத் தொகுப்பிற்கு முன்னோடி ஜார்ஜ் கிரியர்சன் 1885-இல் வெளியிட்ட ‘பிகார் உழவர் வாழ்க்கை’ என்னும் ஆங்கில நூல். அது சொற்களை அகரவரிசையில் அடுக்காமல், கருவி, வினை, பயிர் எனப் பொருள்வாரியாக அடுக்கி, படங்களோடு விளக்கியது. ஆயினும் கிரியர்சன் பின்னர் நடத்திய இந்திய மொழிகள் அளவாய்வு சென்னை மாகாணத்திலும் ஐதராபாத், மைசூர் அரசுகளிலும் நிகழவில்லை. எனவே தென்னகத்தின் வட்டார வழக்குகள் அவ்வளவாய்வின் பயனைப் பெறவில்லை.

இக்குறையைத் தெலுங்கின் அளவில் போக்க முனைந்தவர் கிருஷ்ணமூர்த்தி. 1957-இல் தோன்றிய ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி இத்திட்டத்தை மேற்கொண்டது. ஏறத்தாழ இதே காலத்தில், 1950 முதல் 1961 வரை, இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம் ஹரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 313 இடங்களில் ஆங்கில வட்டார வழக்குகளை அளவாய்வு செய்தது. அங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தகவலாளிகள் பெரும்பாலும் முதிய வேளாண் மக்களே. இயந்திரங்கள் வயலில் இறங்குமுன் அவர்களின் சொற்களைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் பொதுவாக இருந்தது.

கிருஷ்ணமூர்த்தி 1960களின் தொடக்கத்தில் திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் தெலுங்குத் துறையில் சிறிது காலம் பணியாற்றி, 1962-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியரானார். வேளாண் தொகுதி அவ்வாண்டே வெளிவந்தது. அவர் தொகுத்த கைத்தறி நெசவுத் தொகுதி 1971-இல் வந்தது. கட்டடத் தொழில் முதலிய பிற தொழில்களுக்கும் பிற அறிஞர்கள் தொகுதிகளை உருவாக்கினர். அகாதெமி 1983-இல் கலைக்கப்பட்டது. அதன் பணிகள் 1985-இல் நிறுவப்பட்ட தெலுங்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.

இத்தகைய தொகுப்பில் ஊரார் ஆற்றும் பணி வெறும் விடை கூறுதல் அன்று. இலக்கியச் சொல்லகராதியில் சொல் முதலில் நிற்கிறது. பொருள் பின்னர் வருகிறது. தொழிற்சொல் தொகுப்பிலோ பொருள் முதலில் நிற்கிறது. கலப்பையின் எந்த உறுப்பு தனிப்பெயர் பெறத் தக்கது, உழவின் எந்தக் கட்டம் தனி வினையாகக் கருதத் தக்கது என்பவற்றை ஆய்வாளர் முன்கூட்டி அறிய இயலாது. அவர் கையிலுள்ள வினாப்பட்டியல் முதல் ஊரிலேயே போதாமை அடையும். வகைப்பாட்டை அமைப்பவர் உண்மையில் உழவரே. அவ்வகைப்பாட்டைப் பிற ஊர்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துபவர் மொழியியலாளர். இவ்விருவர் பணியும் இணைந்தாலன்றி இவ்வகை நூல் உருவாகாது.

இத்தொகுப்பின் சொற்சான்றுகளைக் கொண்டே கிருஷ்ணமூர்த்தி தெலுங்கை நான்கு வட்டாரங்களாகப் பகுத்தார். வடக்கில் தெலங்கானா, கிழக்கில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினப் பகுதி, நடுவில் கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர்ப் பகுதி, தெற்கில் இராயலசீமையும் நெல்லூரும் என அவை அமைந்தன. சித்தூர் தென்வட்டாரத்தைச் சேர்ந்தது. இலக்கண நூலாரின் மதிப்பீட்டினால் அன்றி, உழவர் வாய்ச்சொல்லின் பரவலால் ஒரு திராவிட மொழியின் வட்டார எல்லைகள் வரையப்பட்டமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

5. சொற்கள் காட்டும் உறவு

சித்தூர்ப் பகுதியின் வேளாண் சொற்களைத் தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டால் மூவகை உறவுகள் புலப்படும்.

முதலாவது, ஒரே தொன்மூலத்திலிருந்து வந்த சொற்கள். தமிழ் ‘ஏர்’, தெலுங்கு ‘ஏரு’. தமிழ் ‘ஏற்றம்’, தெலுங்கு ‘ஏதமு’. தமிழ் ‘மேழி’, தெலுங்கு ‘மேடி’ என்பன இவ்வகையின. மேழி–மேடி இணையில் தமிழ் ழகரத்திற்குத் தெலுங்கில் டகரம் வருவது, கோழி–கோடி, ஏழு–ஏடு ஆகியவற்றிலும் காணப்படும் ஒழுங்கான ஒலியொப்புமை. ஏரியின் ‘தூம்பு’ தெலுங்கில் ‘தூமு’ ஆவது, ‘பாம்பு’ ‘பாமு’ ஆவதை ஒத்தது. இன்னும் நுட்பமான சான்று கலப்பையின் இரும்பு நுனிக்குரிய பெயர். தமிழில் ‘கொழு’ எனவும் ‘காறு’ எனவும் இரு சொற்கள் உண்டு. காறு என்பதன் இனச்சொல் தெலுங்கில் ‘கர்ரு’ என வழங்குகிறது. கொழு என்பதன் இனச்சொல் கன்னடத்தில் ‘குள’ என வழங்குகிறது. தமிழ் அகராதியில் ஒருபொருட்பன்மொழியாகத் தோன்றும் இவ்விரண்டும், மூன்று மொழிகள் கூடும் நிலத்தில் இருவேறு பரவல் உடையன எனத் தெரிகிறது.

இரண்டாவது, மொழி எல்லையைப் பொருட்படுத்தாது ஒரு நிலப்பகுதி முழுவதும் பரவிய சொற்கள். மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் அமைப்பு கடலோர ஆந்திரத்தில் ‘மோட்ட’ எனப்படும். இராயலசீமையில் ‘கபில’ என்பர். கன்னடத்தில் ‘கபிலெ’ வழங்குகிறது. தமிழில் கபிலை, கவலை, கமலை என ஒலிவேறுபாட்டுடன் வழங்குகிறது. இச்சொல்லைப் பொறுத்தவரை சித்தூர் உழவர் குண்டூர் உழவரோடு சேர்ந்தவர் அல்லர்; தமிழ், கன்னட உழவரோடு சேர்ந்தவர். நிலமும் கிணறும் ஒத்திருக்கும் இடத்தில் கருவி ஒத்திருக்கிறது. கருவி ஒத்திருக்கும் இடத்தில் பெயரும் ஒத்திருக்கிறது.

மூன்றாவது, புதிய பொருளுக்குத் தனித்தனியே ஆக்கிக்கொண்ட பெயர்கள். நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். எனவே அதற்குத் தொல்திராவிடப் பெயர் இருத்தல் இயலாது. கடலோரத் தெலுங்கில் அது ‘வேருசெனக’, தெலங்கானாவில் ‘பல்லி’, இராயலசீமையில் ‘செனக்காய’. தமிழில் வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய், மல்லாட்டை எனப் பல பெயர்கள் உள. ‘வேருசெனக’ என்பதும் ‘வேர்க்கடலை’ என்பதும் உறுப்புக்கு உறுப்பு ஒத்த ஆக்கங்கள். ‘செனக்காய’, தமிழ் ‘கடலைக்காய்’, கன்னட ‘கடலெகாயி’ ஆகியவை மற்றோர் ஒத்த ஆக்கம். சொல்லுருவம் வேறாயினும் சொல்லாக்க முறை ஒன்றாக இருப்பது, இருமொழி அறிந்த மக்களிடையே பெயரிடும் முறையே கடன் கொள்ளப்படும் என்பதைக் காட்டுகிறது.

இவற்றோடு, தென்வட்டாரத்திற்கே சிறப்பாக உரிய சொற்களும் உள. கலப்பையைப் பிற பகுதியினர் ‘நாகலி’ என்று கூற, இராயலசீமையார் ‘மடக’ என்பர். தெலுங்கின் பொதுமொழி நடுவட்டார வழக்கை அடிப்படையாகக் கொண்டு அமைந்தமையால், ‘நாகலி’ பாடநூலில் இடம்பெற்றது. ‘மடக’ வட்டார வழக்கு எனத் தனித்து நின்றது. சித்தூர்ப் பேச்சு தமிழ் கலந்தது, திருந்தாதது என்னும் மதிப்பீடு நெடுங்காலம் நிலவியது. அத்தகைய பேச்சின் சொற்களுக்கும் நடுவட்டாரச் சொற்களுக்கும் ஒரே அகராதியில் இணையான இடம் அளித்தது பதகோசத்தின் பெரும்பயன்களுள் ஒன்று.

6. திட்டத்தின் வரம்பு

பதகோசம் தெலுங்குக்கு உரிய நூல். தெலுங்குச் சொற்களைத் திரட்டுவதே அதன் நோக்கம். ஆகவே சித்தூர்ப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட உழவர், நெசவாளர் ஆகியோரின் சொற்கள் அதன் வரையறைக்குப் புறத்தே நின்றன. நகரி, புத்தூர்ப் பகுதிகளின் நெசவுத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ் ‘தறி’யும் தெலுங்கு ‘மக்கமு’ம் அங்கு அருகருகே ஒலிக்கும் சொற்கள். நெய்யும்போது ஊடையைக் கொண்டு செல்லும் கருவி தமிழில் ‘நாடா’, தெலுங்கில் ‘நாடெ’. இத்தகைய சூழலில் ஒரே தொழிலின் சொல்வளத்தை மொழிவாரியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் பதிவு செய்வது, அத்தொழிலின் உண்மையான மொழிநிலையைக் காட்டாது.

மறுபக்கத்தில், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைமொழி ஆய்வுகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்தன. எல்லைக்கு அப்பாற்பட்ட தமிழ் உழவர் ஆந்திர நிறுவனத்திற்குத் தெலுங்கர் அல்லர். தமிழ் நிறுவனத்திற்குத் தம் மாநிலத்தவர் அல்லர். இவ்வாறு எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வெளிவந்த அகராதியில், மாநில எல்லையே ஒருவகையில் சொல்லெல்லையாகவும் ஆயிற்று. இது தொகுத்தவர்களின் குறை அன்று. மொழிவாரி மாநிலங்களின் நிதியில் இயங்கும் நிறுவனங்கள் அனைத்திற்கும் பொதுவான அமைப்பு வரம்பு.

இரண்டாவது வரம்பு இப்பகுதியில் வாழும் சிறு சமுதாயங்களைப் பற்றியது. எருகலர் பேசும் மொழி தமிழோடு மிக நெருங்கிய உறவுடையது. தெலுங்கு வழங்கும் நிலத்தில் நெடுங்காலம் வழங்குவது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டபின், எருகலர் அதன் பிடிக்குள் வந்தனர். அவர்கள் பேச்சு பிறர்க்கு மறைமொழியாக, ஐயத்திற்குரியதாகத் தோன்றிய காலம் அது. 1952-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. காவலர்க்கும் அதிகாரிகளுக்கும் விடை கூறிப் பழகிய ஒரு சமுதாயத்திடம் வினாப்பட்டியலோடு செல்லும் ஆய்வாளர், தம் வினா அவர்கள் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். கூட்டாய்வு என்னும் தொடர் இங்கேதான் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது.

மூன்றாவது, பயன் திரும்பிச் சேர்தல். அக்கால விளக்கமுறை இலக்கணங்கள் பலவற்றில் தகவலாளியின் ஊரும் வயதும் முன்னுரையின் ஓரிரு வரிகளோடு நின்றுவிடும். ‘தகவலாளி’ என்னும் கலைச்சொல்லே அவரை அறிவுடையவராகக் காட்டாமல் செய்தி தருபவராக மட்டும் காட்டுகிறது. பதகோசம் தெலுங்கு எழுத்தில், தெலுங்கு விளக்கத்தோடு வெளிவந்தமையால், எழுத்தறிந்த உழவர் அதனைப் படித்துச் சரிபார்க்க இயலும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆய்வு நூலகத்தில் அடங்கிய பல கிளைமொழி ஆய்வேடுகளுக்கு இத்தகுதி இல்லை.

7. தமிழ் முயற்சிகளும் குப்பமும்

தமிழில் இதற்கு ஒப்பான முயற்சி வேறு வழியில் நிகழ்ந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு 1982-இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அவர் உழவர், எழுத்தாளர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1989 முதல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக நாட்டார் வழக்காறுகளைத் திரட்டினார். ஆந்திரத்தில் ஆய்வாளர் உழவரிடம் சென்றார்; புதுவையில் உழவரே பேராசிரியராக அமர்ந்தார். பெருமாள்முருகன் 2000-இல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் இவ்வழியில் வந்ததே. ஆயினும் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளை ஒருசேரத் தழுவும் வட்டார அகராதியின் தேவை தீரவில்லை.

1997-இல் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் ஆந்திர அரசு திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய வ. அய். சுப்பிரமணியம் இதன் இணைவேந்தராகப் பொறுப்பேற்றார். மலையாளத்தில் ஈழவர், தீயர் பேச்சுவழக்கு அளவாய்வை நடத்தி 1974-இல் வெளியிட்டவர் அவர். ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் கூடும் இடத்தில் இப்பல்கலைக்கழகம் அமைந்தமை தற்செயல் அன்று. ஒரு மாநில மொழிக்கு மட்டும் உரிய நிறுவனத்தால் இயலாத தொகுப்பு, இங்கு இயல வேண்டும் என்பதே அதன் அமைவிடத்தின் பொருள். ஒரே ஊரில், ஒரே கருவிக்குத் தெலுங்கு, தமிழ், கன்னடம் பேசுவோர் கூறும் பெயர்களை ஒரே பதிவில் திரட்டும் மும்மொழித் தொழிற்சொல் அகராதி அத்தகைய பணிகளுள் முதலாவதாகக் கருதத்தக்கது.

இந்திய மக்கள் மொழிகள் அளவாய்வு 2010-இல் கணேஷ் தேவி தலைமையில் தொடங்கியது. அந்தந்த மொழி பேசுவோரையும் எழுத்தாளரையும் கொண்டு அது 780 மொழிகளைப் பதிவு செய்தது. ஊரார் தாமே தொகுப்பாளராக அமைய முடியும் என்பதற்கு அது சான்று. மொழியியற் பயிற்சியின் தேவையை அது நீக்கவில்லை. எனினும் பயிற்சி பெற்றவரே வினவ வேண்டும், பயிற்சி பெறாதவர் விடை கூறவே வேண்டும் என்ற பழைய பங்கீட்டை அது மாற்றியது.

8. மொழிபெயர்ப்பாளர்க்கு

இவ்வாராய்ச்சியின் பயன் ஒப்பியல் மொழியியலோடு முடிவதில்லை. நாமினி சுப்பிரமணிய நாயுடு 1980களில் சித்தூர் உழவர் பேச்சிலேயே கதைகள் எழுதிப் பெயர்பெற்றார். அத்தகைய எழுத்தைத் தமிழில் பெயர்ப்பவர் ‘செனக்காய’ என்பதற்கு ‘நிலக்கடலை’ என்று எழுதினால் பொருள் பிழைபடாது. எனினும் பேசுபவரின் ஊர் மறைந்துவிடும். ‘கடலைக்காய்’ என்றால் சொல்லாக்கமும் நில நெருக்கமும் ஒருங்கே நிற்கும். ‘கபில’ என்பதைப் ‘பாசனக் கருவி’ எனப் பொதுமைப்படுத்துவதும், அடிக்குறிப்பில் விளக்குவதும் தேவையற்றவை. தமிழில் அச்சொல்லே ‘கபிலை’யாக இருக்கிறது. சித்தூர்த் தெலுங்கிற்கு இயல்பான தமிழ் இணை, எழுத்துத் தமிழைவிட வட ஆர்க்காட்டு உழவர் தமிழே. இத்தெரிவுகளை உள்ளுணர்வால் மட்டும் செய்யாமல் சான்றால் செய்யத் தொழிற்சொல் அகராதிகள் துணைநிற்கும்.

கலைச்சொல்லாக்கத்திலும் இவ்வாறே. வேளாண் விரிவுரைகளும் அரசு அறிக்கைகளும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் புதுச்சொல் படைப்பதற்குமுன், தூம்பு, ஆயக்கட்டு போன்று ஊரார் நாவில் முன்னரே உள்ள சொற்களை அறிந்துகொள்வது நன்று. ‘ஆயக்கட்டு’ இரு மொழிக்கும் பொதுவாக ஆட்சித்துறையிலும் நிலைத்திருப்பது இதற்கு வழிகாட்டுகிறது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். தொழிற்சொல் தொகுப்பில் வகைப்பாட்டின் ஆசிரியர் தொழில் செய்பவரே; அவரைத் தகவலாளி என மட்டும் குறிப்பது உண்மைக்குப் பொருந்தாது. மாண்டலிக விருத்தி பதகோசம் இக்கூட்டுழைப்பால் தெலுங்கின் வட்டாரப் பகுப்பையே வரைய உதவியது. புறக்கணிக்கப்பட்ட தென்வட்டாரச் சொற்களுக்கு நிலையான இடம் தந்தது. அதேவேளை, மொழிக்கு ஒரு நிறுவனம் என்னும் அமைப்பினால், இருமொழி வழங்கும் ஊரின் சொல்வளம் பாதியளவே பதிவாயிற்று.

பதகோசத்தின் முதல் தொகுதி வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆழ்துளைக் கிணறும் மின்னிறைப்பியும் கபிலையை அகற்றின. உழுபொறி மடகையை அகற்றி வருகிறது. கபிலை ஓட்டியவர்களுள் பலர் இன்று முதியோர். அவர்களுள் தமிழில் கூறுபவரிடமும் தெலுங்கில் கூறுபவரிடமும் ஒரே நாளில், ஒரே கிணற்றடியில் கேட்டுப் பதிவு செய்தற்குரிய காலம் குறுகி வருகிறது. அப்பணியில் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் மாணவரும் தொகுப்பாளராகச் சேர்க்கப்படல் வேண்டும். சொல் கூறியவர் விரும்பின் அவர் பெயர் பதிவோடு நிற்றல் வேண்டும். தொகுப்பு தெலுங்கு, தமிழ் ஆகிய இரு எழுத்திலும் அச்சாகி அவ்வூர்ப் பள்ளிக்குத் திரும்புதல் வேண்டும். இவை நிறைவேறினால் 1962-இல் தொடங்கிய பணியின் மறுபாதியும் நிறைவெய்தும்.